பவல் விளையாட்டுச் சாமான் இல்லை

நேற்றைய பதிவுக்குக் கீழே வந்த கொமென்ட்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இராணுவம் காட்சிக்கு வைத்த டாங்கி மேல் சின்னப் பிள்ளைகளை ஏற்றி இருத்திப் படம் எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எழுதினேன். "வெள்ளவத்தையில ஏசிக்குள்ள இருந்துகொண்டு பழங்கதை பேசாதீங்க" என்கிறார் ஒருவர். அதற்குப் பதினேழு சிரிப்புக் குறிகள்.

திரும்பவும் சொல்கிறேன், அது விளையாட்டுச் சாமான் இல்லை. ரி-55 டாங்கி என்றால் 36 தொன் இரும்பு. படத்தில் அந்தப் பிள்ளை பிடித்துத் தொங்குவது 100 மில்லிமீற்றர் பீரங்கியின் குழாய்.

1996க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான். எங்களுக்குப் பழக்கம் டாங்கியை விடப் பவல் என்ற இராணுவக் கவச வண்டிதான். கண்ணிவெடிக்குத் தப்பத் தென்னாப்பிரிக்காவில் அடிப்பாகத்தை 'வி' வடிவில் செய்த வண்டி என்பதெல்லாம் பின்னாளில் வாசித்தது. அப்போது தெரிந்தது சத்தம்தான். தூரத்தில் உறுமல் கேட்டதுமே அம்மம்மாவின் அலுமாரிக்குள் தேத்தண்ணிக் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கும். தெருவில் நின்றால் சைக்கிளை விட்டு இறங்கி வேலியோரம் ஒதுங்க வேண்டும். அது போன பிறகு வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். பவலுக்கு வைத்த கண்ணிவெடி வெடித்தால் சுற்றிவளைப்பு எங்கள் ஒழுங்கைக்கு. உள்ளே இருந்தவர்களைக் காக்கத்தான் அந்த இரும்பு. வேலியோரம் நின்ற எங்களுக்கு என்ன இருந்தது?

"எல்லா நாட்டு இராணுவமும் காட்சிக்கு வைக்கும்தானே?" என்கிறார் இன்னொருவர். வைக்கட்டும். பிள்ளையை ஏன் மேலே ஏற்றுகிறீர்கள்?

"அதற்குள் இருந்து செத்தவனுக்கும் தாய் இருந்தாள்." இது வேறொருவரின் கொமென்ட். இதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஏ9 வீதியில் ஆனையிறவைக் கடக்கும்போதெல்லாம் அந்த புல்டோசரைப் பார்க்கிறேன். 1991 ஜூலையில் இரும்புத் தகடு அடித்துப் புலிகள் அங்கிருந்த இராணுவ முகாமுக்குள் ஓட்டி வந்தது. கைக்குண்டோடு ஏறி அதை நிறுத்திச் செத்த இராணுவ வீரர் காமினி குலரத்னவுக்குப் பக்கத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. அவரும் ஒரு தாயின் பிள்ளைதான், மறுக்கவே மாட்டேன். ஆனால் அதே வீதியால் மூட்டை முடிச்சோடு போய்த் திரும்பி வராத எங்கள் சனத்துக்கு அங்கே ஒரு கல் இருக்கிறதா? பஸ் நின்றால் எல்லாரும் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். நான் இருக்கையை விட்டு எழும்புவதில்லை.

கொழும்புக்கு வந்து இருபது வருசம். பெப்ரவரி 4க்கு முதல் கிழமை காலி முகத்திடல் பக்கம் சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகை நடந்தால் இன்றைக்கும் பம்பலப்பிட்டியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவேன். இதுதான் உங்களுக்குப் பழங்கதை.

படத்தை நீக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. அந்தப் பதினேழு பேரில் ஆறு பேர் எனக்குத் தெரிந்தவர்கள், இரண்டு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். நீங்களாவது அந்தச் சிரிப்பை எடுத்துவிடுங்கள்.