தொட்டித் தண்ணீர்

(லண்டன், டேட் பிரிட்டன் ஓவியக் காட்சியகம். முப்பது வருடம் குழாய் பழுது பார்த்த பிளம்பரை மனைவி கலை பார்க்க இழுத்து வந்திருக்கிறார். எதிரே ஜான் எவரெட் மில்லே 1851-52இல் தீட்டிய ‘ஒஃபீலியா’ ஓவியம்.)

மனைவி: ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் வருகிற பெண். அப்பாவைக் காதலனே கொன்றுவிட, புத்தி பேதலித்து, பாடிக்கொண்டே ஓடையில் மூழ்குகிறாள்.

கணவர்: பக்கத்திலேயே கிளை இருக்கிறதே, பிடித்துக்கொள்ளக் கூடாதா?

மனைவி: அது வில்லோ மரம். கைவிடப்பட்ட காதலின் அடையாளம்.

கணவர்: அப்படியென்றால் பிடித்தும் பயனில்லை.

மனைவி: கிண்டல் வேண்டாம். சிவப்பு பாப்பி மரணம். டெய்சி கள்ளமில்லாத மனம். கழுத்தில் வயலெட் மாலை, இளவயதுச் சாவு. அதோ நெட்டில் செடி, அது வலி.

கணவர்: நெட்டிலுக்கு விளக்கமே வேண்டாம், தொட்டாலே புரியும். ஆனால் தண்ணீர்தான் உதைக்கிறது. ஓடுகிற தண்ணீர் பாவாடையை இழுத்துப் போயிருக்கும். இது தேங்கின தண்ணீர். தொட்டித் தண்ணீர்!

மனைவி: அட! கரையை மட்டும்தான் மில்லே சர்ரேயில் ஹாக்ஸ்மில் ஆற்றோரம் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தார். அப்புறம் எலிசபெத் சிடல் என்ற பெண்ணை லண்டனில் குளியல் தொட்டியில் படுக்க வைத்தார். குளிர்காலம் வேறு.

கணவர்: ஐயோ! வெந்நீருக்கு?

மனைவி: தொட்டிக்கு அடியில் விளக்குகள். ஒருநாள் அவை அணைந்துபோனதை ஓவியர் கவனிக்கவே இல்லை. அவளும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடுமையாகச் சளி பிடித்துவிட்டது. அவள் அப்பா 50 பவுண்ட் கேட்டுக் கடிதம் போட்டார்.

கணவர்: கொடுத்தானா?

மனைவி: டாக்டர் செலவை ஏற்றுக்கொண்டார்.

கணவர்: அது மட்டும் போதுமா? தண்ணீர் ஆறியதுகூடத் தெரியாதவன் என்ன மனிதன்! இப்போது பார், அந்த வாய் பாடவில்லை, பல் தந்தியடிக்கிறது. கண் நிலைகுத்திப் போயிருக்கிறது. பாவம், எவ்வளவு பொறுமை!

மனைவி: அவ்வளவும் முகத்தில் தெரிகிறதா?

கணவர்: தண்ணீர் விஷயத்தில் என் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

மனைவி: நம் வீட்டு பாய்லர் நின்று மூன்று வாரமாகிறது. தினமும் காலையில் குளித்துவிட்டு இதே முகத்தோடுதான் உங்களுக்கு டீ கொடுக்கிறேன்.

கணவர்: (தொண்டையைச் செருமியபடி) மேலே அந்த ராபின் குருவிக்கு என்ன அர்த்தம்?