சோஜர்னர் ட்ரூத் கேட்காத கேள்வி

"நானும் ஒரு பெண் இல்லையா?" மார்ச் 8 வந்தால் இந்த வரியைப் பகிர்வது என் வழக்கம். 1851 மே மாதம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்மணி சோஜர்னர் ட்ரூத் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி அது. இந்த ஆண்டு நான் பகிரவில்லை. பழைய பதிவுகளையும் நீக்கிவிட்டேன். அவர் அப்படிக் கேட்டார் என்று நம்ப எனக்கு இனி வழியில்லை.

ட்ரூத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே அந்தப் பேச்சு பிறர் கை வழியாகத்தான் நம்மிடம் வந்திருக்கிறது. மாநாடு முடிந்து மூன்று வாரங்களில், ஜூன் 21 அன்று, அடிமை ஒழிப்பு இதழொன்றின் ஆசிரியர் மாரியஸ் ராபின்சன் அதை அச்சிட்டார். அதில் இந்தக் கேள்வி ஓரிடத்திலும் இல்லை. 12 ஆண்டுகள் கழித்து, 1863-இல், மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சிஸ் டேனா கேஜ் தன் நினைவிலிருந்து இன்னொரு வடிவம் எழுதினார். கேள்வி அதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

என்னை அதிகம் உறுத்துவது கேள்விகூட அல்ல, கேஜ் அவருக்குக் கொடுத்த பேச்சுமொழி. தென்மாநிலத் தோட்டங்களில் உழைத்த அடிமைகள் பேசுவதாக வெள்ளையர்கள் எழுதிவந்த கொச்சை அது. ட்ரூத் பிறந்து வளர்ந்ததோ வடக்கே, நியூயார்க் மாநிலத்தில். தாய்மொழி டச்சு. சுமார் ஒன்பது வயதில், ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு அவரை விற்றார்கள். அப்போது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. புதிய எஜமானர் சொன்னது புரியாததற்காக அந்தக் குழந்தை அடி வாங்கியது. அப்படி அடிபட்டுக் கற்ற மொழியில் அவர் பேசியதை எடுத்து, கறுப்பினப் பெண் இப்படித்தான் பேசுவாள் என்ற அச்சில் வார்த்துவிட்டார்கள். ஐந்து பிள்ளைகளின் தாய், கேஜின் எழுத்தில் பதின்மூன்று பிள்ளைகளின் தாயாகவும் ஆனார்.

கேஜ் தீய நோக்கம் கொண்டவர் அல்லர்; அடிமைமுறையை மனதார எதிர்த்தவர். 1875-இல் வந்த ட்ரூத்தின் வாழ்க்கை வரலாற்றுப் பதிப்பிலேயே கேஜின் வடிவம்தான் இடம்பெற்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும், ஒருவரைப் போற்றுவதற்காக அவர் நாவையே மாற்றி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ராபின்சனின் வடிவத்தைப் படித்தால் வேறொரு பெண் எழுந்து நிற்கிறார். "பெண்ணுரிமை என்றால் நான்தான்" என்கிறார். உழுதிருக்கிறேன், அறுத்திருக்கிறேன், சோளம் உரித்திருக்கிறேன், வெட்டியிருக்கிறேன், இதைவிட ஓர் ஆண் என்ன செய்துவிடுவான் என்கிறார். நான் பெண்தானே என்று எவரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. கேட்கக்கூடியவரும் அல்லர். தன் மகன் பீட்டரைச் சட்டவிரோதமாக அலபாமாவுக்கு விற்றுவிட்டார்கள் என்று அறிந்ததும் வழக்குத் தொடுத்து, 1828-இல் பிள்ளையை மீட்டு வந்தவர் அவர்.

அறிவைப் பற்றி அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆணுக்கு ஒரு குவார்ட், பெண்ணுக்கு ஒரு பைன்ட் என்றே வைத்துக்கொள்வோம், அவளுடைய சின்ன பைன்டை ஏன் நிரப்பிக்கொள்ளக் கூடாது என்று கேட்கிறார். நம் பழைய அளவில் உழக்கும் ஆழாக்கும். அங்கும் ஒன்று மற்றதில் சரிபாதிதான். எங்கள் ஆழாக்கு கொள்வதற்கு மேல் எங்களால் எடுக்க முடியாதே, உரிமையைக் கொடுக்க ஏன் பயப்படுகிறீர்கள் என்கிறார். 'பெண்ணுக்கு அறிவு குறைவு' என்றவர்களின் வாதத்தை அப்படியே வாங்கி, அதைக் கொண்டே அவர்கள் வாயை அடைக்கிறார்.

முடிக்கும்போது, ஒரு பக்கம் அடிமை எழுகிறான், மறுபக்கம் பெண் வருகிறாள், ஆண் பருந்துக்கும் கழுகுக்கும் நடுவே மாட்டிக்கொண்டான் என்கிறார். இன விடுதலையையும் பெண் விடுதலையையும் தனித்தனி வரிசையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இத்தனை ஆண்டுகள் நான் பகிர்ந்த மேற்கோளில் இந்த வாக்கியம் இல்லை.

அந்தப் பேச்சைத் தாளில் கொண்டுவர இயலாது, அந்தக் குரலை நேரில் கேட்டவர்களுக்கே அதன் அருமை புரியும் என்று ராபின்சனே எழுதியிருக்கிறார். அவர் அச்சிட்டது ஒரு பக்கத்துக்குள் அடங்கும். இரண்டு நாட்களாகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் முழுவதையும் இங்கே இடுகிறேன்.