இஞ்ச ஒண்டும் இல்லையோ அக்கா? எங்கட ஐப்பசி இருக்கே!

போன ஞாயிறு ரொறன்ரோவில இருக்கிற பெரியம்மாவின்ர மகள் வட்ஸ்அப்பில வீடியோ கோல் எடுத்தா. பிள்ளையளோட ஒரு பார்க்கில நிண்டு போனைச் சுத்திச் சுத்திக் காட்டுறா, மேப்பிள் மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமா நிக்குது, நிலம் முழுக்க இலை, சின்னவன் அதுக்குள்ள விழுந்து புரளுறான். குளிர் தொடங்க இலையில இருக்கிற பச்சையம் அழிஞ்சு உள்ளுக்குள்ள முந்தியே இருந்த மஞ்சள் வெளியில தெரியுமாம், சிவப்பு மட்டும் அந்த நேரத்திலதான் புதுசா உண்டாகுமாம் எண்டு மூத்தவள் விளங்கப்படுத்தினாள். எனக்கும் பாக்க ஆசையாத்தான் இருந்தது. கடைசியா அக்கா சொன்னா, "என்ன வடிவு பார் தங்கச்சி, உங்க இப்பிடி ஒண்டும் இல்லை என்ன."

அவ ஒரு கெட்ட எண்ணத்தில சொல்லேல்ல. ஆனா அந்த "ஒண்டும் இல்லை" ரெண்டு மூண்டு நாளா மனசுக்குள்ள கிடந்து அரிக்குது, ஏனெண்டா இஞ்ச வன்னியில இருக்கிற நாங்களே இப்ப அப்பிடித்தான் கதைக்கிறம். ஐப்பசி பிறந்தா சேறு, நுளம்பு, கரண்ட் கட், உடுப்புக் காயாது. இவ்வளவுதான் வாயில வருது. இந்த மாசத்தை அனுபவிக்கிறதை நாங்கள் மறந்துகொண்டு வாறம் எண்டு எனக்குக் கவலையா இருக்கு.

வன்னியில மரம் இலை கொட்டி நிறம் மாறுற காலம் எண்டு ஒண்டு இல்லைத்தான், பாலையும் வீரையும் வருசம் முழுக்கப் பச்சையாத்தான் நிக்கும். எங்களுக்கு மாறுறது காத்து. சித்திரை வைகாசியில இருந்து சோளகம் புழுதியை அள்ளி முகத்தில அடிச்சுக்கொண்டே இருக்கும், குளமெல்லாம் வத்தி நிலம் பாளம் பாளமா வெடிச்சு, மாடுகள் மிதிச்ச குளம்படி அப்பிடியே காஞ்சு கல்லு மாதிரிக் கிடக்கும். புரட்டாசிக் கடைசியில ஒரு நாள் அந்தக் காத்து விழுந்திடும். இலை ஆடாது. காலமையில இருந்து வெயில் கொளுத்தும், உடம்பெல்லாம் பிசுபிசுக்கும், ரெண்டு மணிக்குப் பிறகு முகில் கோபுரம் மாதிரி எழும்பும், நாலு நாலரைக்கு இடி. ஐப்பசி கார்த்திகையை வானிலைக்காரர் இடைப்பருவ மழைக்காலம் எண்டுதான் சொல்லுறவை, நிலம் சூடேறி முகில் கட்டிப் பின்னேரத்தில கொட்டுற மழை, கூடவே வங்காள விரிகுடாவில தாழமுக்கம் வந்தா நாள்கணக்கில நிண்டு பெய்யும். மார்கழிக்குப் பிறகு வாடையோட வாற அமைதியான தூறல் வேற, இது வேற. இது சத்தம் போட்டுக்கொண்டு வாற மழை.

அந்த முதல் மழையை எப்பிடிச் சொல்லுறது. முதல் துளி புழுதியில விழேக்க நனையாது கண்டியளோ, புழுதி அந்தத் துளியைச் சுத்தி உருண்டு ஒரு குறுணி மாதிரி நிக்கும். பிறகு அடுத்தது, அடுத்தது, முத்தம் முழுக்கப் புள்ளி புள்ளியா. அதுக்குப் பிறகுதான் மண் வாசம் எழும்பும். அம்மா கொடியில இருக்கிற உடுப்பைத்தான் எடுக்க ஓடுவா, ஆனா ஓடின ஆள் முத்தத்தில ஒரு நிமிசம் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நிண்டிட்டுத்தான் வருவா, நான் எத்தினை வருசமாப் பாக்கிறன்.

அடுத்த நாள் காலமை தம்பளப்பூச்சி வரும். ரத்தச் சிவப்பு, வெல்வெட் துணியில வெட்டி எடுத்த மாதிரி, கையில வைச்சா காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரிக் கிடக்கும், பேசாமல் பொறுத்தா மெல்ல மெல்ல உள்ளங்கையில ஊரத் தொடங்கும். நெருப்புப்பெட்டிக்குள்ள புல்லுப் போட்டு வைச்சிருந்து பள்ளிக்கூடத்தில காட்டுவம். எங்கட ஒழுங்கையில இருக்கிற எட்டு வயசுப் பிள்ளை ஒண்டைப் போன கிழமை கேட்டன், தெரியாது எண்டாள். பின்னேரம் முழுக்க ரியூசன், எப்பிடித் தெரியும். தாய் தகப்பன்மாரே, கோவிக்காதேங்கோ, முதல் மழை பெய்யிற அந்த ஒரு பின்னேரம் மட்டும் பிள்ளையளை ரியூசனுக்கு விடாதேங்கோ. நனையட்டும். தலையைத் துடைச்சு இஞ்சி போட்ட தேத்தண்ணி ஒண்டு குடுத்தாப் போதும்.

ஆறுமணிக் குருவி இந்த மாசம்தான் வாறது. இந்தியாவின்ர வடக்கில குஞ்சு பொரிச்சிட்டு மாரிக்கு இஞ்ச வந்திடும். பச்சை முதுகு, வாலுக்குக் கீழ சிவப்பு, ஆனா கண்ணில படுறது அருமை, பத்தைக்குள்ள நிண்டு விடியக்காலமையும் பொழுதுபடேக்கயும் ரெண்டு தரம் விசிலடிக்கும். அது கத்தத் தொடங்கினா அம்மா "மாரிக்காரன் வந்திட்டான்" எண்டுவா.

பிறகு காளான். ரெண்டு மூண்டு நாள் நல்லா இடிச்சுப் பெய்ஞ்சா முத்தையன்கட்டுப் பக்கக் காட்டுக்கரையில புற்றடியில முளைக்கும். அம்மம்மா காட்டித் தந்த காளானை மட்டும்தான் நாங்கள் தொடுறது, வேற எது எவ்வளவு வடிவா இருந்தாலும் கை வைக்கிறேல்ல. மண்ணை மெல்லக் கிளறி இழுத்தா குடைக்குக் கீழ தண்டு நீளமா வெள்ளை வேர் மாதிரி வந்துகொண்டே இருக்கும், அது புற்றுக்குள்ள கறையான் வளக்கிற பூஞ்சணத்தில இருந்து எழும்பி வாறது. கத்தி வைக்கக் கூடாது, கையாலதான் கிழிக்க வேணும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மஞ்சள், தேங்காய்ப்பால், இறக்கேக்க தேசிக்காய்ப்புளி. பழைய ஆட்டக்காரி அரிசிச் சோறு இருந்தா வேற கறி தேவையில்லை. வருசத்தில ரெண்டு தரம் மூண்டு தரம் கிடைக்கிற சாப்பாடு அது, கடையில வாங்கிற பெட்டிக் காளானோட அதைப் பக்கத்தில வைக்கவே எனக்கு மனம் வராது.

இன்னொண்டும் சொல்ல வேணும். இந்த மழையை நான் எப்பவும் விரும்பினவள் இல்லை. 2009இல சண்டையால இடம்பெயர்ந்து முகாமில தரப்பாள் கொட்டிலுக்குள்ள இருக்கேக்க வானம் கறுத்தாலே வயித்தைக் கலக்கும். தண்ணி உள்ளுக்க வந்திடும், படுத்த பாய் மிதக்கும், அப்பா விடிய விடிய ஒரு தடியால தரப்பாளில தேங்கிற தண்ணியைத் தள்ளிக்கொண்டு நிப்பார். காணிக்குத் திரும்பி வந்த பிறகும் மூண்டு மாரி தகரக் கொட்டில்தான், மழை பெய்ஞ்சா ஆளுக்காள் கதைக்கிறது கேக்காது. பிறகு ஓட்டு வீடு. முதல் ராத்திரி ஓட்டில விழுந்த மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒருத்தரும் எழும்பாமல், பாத்திரம் வைக்க ஓடாமல், படுத்த படி கிடந்தம். அப்பா இருட்டுக்குள்ள "நல்ல மழை" எண்டார். அவர் மழையை நல்லது எண்டு சொல்லி எத்தினையோ வருசம். அதாலதான் எனக்கு, மழையை ரசிக்கிறது வேலை இல்லாதவையின்ர பொழுதுபோக்கு எண்டு ஆராவது சொன்னா விளங்கிறேல்ல. பயப்பிடாமல் மழை கேக்கிற ஒரு ராத்திரிக்கு நாங்கள் எவ்வளவு காலம் இருந்தம்.

இப்பவும் பயம் இல்லை எண்டில்லை. 2018 மார்கழியில கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில கிடந்ததை ஒருத்தரும் மறக்கேல்ல. இரணைமடுக் குளத்தின்ர வான் கதவு திறக்கினம் எண்டா சனம் சந்தோசமாயும் போய்ப் பாக்கும், பதகளிச்சும் நிக்கும். எங்கட மழை அப்பிடித்தான், ரெண்டும் சேர்ந்தது.

அக்காவுக்குப் பதில் இன்னும் அனுப்பேல்ல. எழுத்தில அனுப்பினா வாசம் வராது. மழை வந்த உடன வீடியோ கோல் எடுத்துப் போனை முத்தத்தில பிடிக்கப் போறன், அங்க சாமமா இருந்தாலும் எழும்பட்டும், அவவும் இந்த முத்தத்தில நனைஞ்சவதானே.

அதுக்கு மழை வர வேணும். அப்பா இந்த முறையும் புழுதி விதைப்புத்தான், நெல்லு ஒம்பது நாளாக் காஞ்ச மண்ணுக்குள்ள கிடக்கு. அரைகுறையாத் தூறினா முளைச்சுக் கருகிடும், பெய்ஞ்சா ஒழுங்காப் பெய்ய வேணும். இப்ப மூண்டு மணி, முல்லைத்தீவுப் பக்கம் நல்லாக் கறுத்திருக்கு, இலை ஆடேல்ல. அங்கால புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிற ஆராவது துளி விழுந்தா உடன சொல்லுங்கோ.