முன்பு என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால்

அரசு வழக்கறிஞர் வேலையை விட்டுவிட்டு ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவுக்குப் போகலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். போவதும் போகாததும் அவரவர் பாடு. எவ்வளவு கேட்பது என்பதில் மட்டும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஏனென்றால் அதில் நான் நன்றாகவே ஏமாந்தேன்.

பதினோரு வருடம் அரசுத் தரப்பில் நின்று வாதாடியவன். நேர்காணல் முடிகிற நேரத்தில் எச்.ஆர். பெண்மணி சாதாரணமாகக் கேட்டார்: "இப்போ எவ்வளவு வாங்குறீங்க?" சொன்னேன். அதற்கு மேல் பாதியைச் சேர்த்து ஆஃபர் வந்தது. ஒன்றரை மடங்கு! அன்றிரவே கையெழுத்துப் போட்டேன். சமரசப் பேச்சில் எதிர்த்தரப்பு முதலில் சொல்லும் தொகையை ஒருமுறைகூட ஏற்காத ஆள் நான். என் சம்பளம் என்று வந்தபோது முதல் தொகைக்கே தலையாட்டிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. பக்கத்து அறையில் அதே கிரேடு, அதே வேலை, என்னைவிட மூன்று வருடம் ஜூனியர். ஒரு பெரிய வக்கீல் நிறுவனத்திலிருந்து வந்தவர். அவருக்கு என்னைவிடக் கணிசமாக அதிகம். அவருக்கும் பழைய சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பழைய சம்பளம் பெரியது, அவ்வளவுதான்.

அரசுச் சம்பளம் ஊதிய விகிதத்தில் வருவது. பெரிய வழக்கை ஜெயித்தாலும் அதே படி, ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அதே படி. வெளியில் நம் வேலைக்கு என்ன மதிப்பு என்று அது சொல்லவே சொல்லாது. அதைப் போய் அளவுகோலாக வைத்தால் எப்படி?

இந்தக் கேள்வியையே தடுக்கும் சட்டங்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2018 முதல், வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு: தகவல் பெறும் சட்டங்களின்படி யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய சம்பளத்துக்கு இந்தத் தடை பொருந்தாது. அப்படிப் பார்க்கக்கூடிய சம்பளம் யாருடையது? அரசு ஊழியருடையதுதான்! படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவு இன்னும் தெளிவு. பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. புதிய வேலைக்கான தொடக்கச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ விண்ணப்பிப்பவருக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்: "இந்தப் பதவிக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள்?" ஓரளவு பெரிய கம்பெனி என்றால் கிரேடுக்கு ஒரு வரம்பு எழுதியே வைத்திருப்பார்கள்.

அப்புறம், எதையெல்லாம் விட்டுவிட்டு வருகிறீர்கள் என்ற கணக்கு. பென்ஷன் உள்ள அரசு வேலை என்றால், அதில் பெரிய பங்கு சம்பளச் சீட்டில் தெரியவே தெரியாது. போனஸ் என்று ஆஃபரில் இருப்பது பெரும்பாலும் இலக்குதான், உறுதி கிடையாது. பங்குகள் தருவதாகச் சொன்னால், நாலு வருடத்தில் பிரித்துப் பிரித்துத் தருவது வழக்கம். முதல் வருடம் முடியும் முன் கிளம்பினால் பல இடங்களில் ஒன்றும் கைக்கு வராது.

யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று இருக்கிறது. 2010-இல் அக்ஸோ நோபெல் என்ற ரசாயனக் கம்பெனியின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், கம்பெனி வக்கீல் தன் முதலாளியைப் பொருளாதார ரீதியாகச் சார்ந்திருப்பவர், வெளி வக்கீலுக்கு உள்ள சுதந்திரம் அவருக்கு இல்லை என்றது. சந்தையில் நியாயமற்ற போட்டியைத் தடுக்கும் ஒன்றியச் சட்டத்தின்கீழ் நடக்கும் விசாரணைகளில், கம்பெனியோடு அவர் நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ரகசியப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது; அதாவது விசாரிப்பவர்கள் அதைப் பார்க்கலாம். தீர்ப்பைப் படித்த நாளில் கொஞ்சம் கோபம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு கோபம் போய்விட்டது. "இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று நான் ஒருவரிடம் சொல்கிறேன். வருடக் கடைசியில் எனக்கு மதிப்பெண் போடுபவரும் அவரே. அரசு வேலையில் மேலதிகாரியின் முகம் கோணும், வேலை போகாது. இங்கே முகம் கோணினால் நோட்டீஸ் காலம் முடிய வெளியே.

ஆகவே இரண்டாவது கம்பெனிக்கு மாறியபோது சம்பளத்துக்கு முன்பாக, அவர்களே என்னை வெளியேற்றினால் எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள் என்பதைத்தான் பேசினேன். ஆறு கேட்டேன். எச்.ஆர்.காரர் இப்படி யாரும் கேட்டதில்லை என்றார். நாலுக்கு ஒத்துக்கொண்டார்கள்.