பிளாக்மோர் போன பிறகும் டீப் பர்பிள் உண்டு

1993-ல் கிடார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் விலகியதோடு டீப் பர்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு முடிந்துவிட்டது, அப்புறம் வந்த ஆல்பங்கள் எல்லாம் பெயருக்குத்தான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் 90 நிமிட கேசட்டில் அவர்களுடைய 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைப் பதிந்து வாங்கி, நாடா தேய்ந்து பாட்டு இழுக்கும்வரை கேட்டிருக்கிறேன். சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம். 1972-ல் வந்த அந்த ஆல்பத்தில் பிளாக்மோர் வாசித்த கிடாருக்கு ஈடு கிடையாது, சரி. ஆனால் 1996-ல் வந்த 'பர்பெண்டிக்குலர்' ஆல்பத்தை எத்தனை பேர் முழுசாகக் கேட்டிருப்போம்? அதில் பிளாக்மோர் இடத்துக்கு வந்த ஸ்டீவ் மோர்ஸ் அவர் மாதிரி வாசிக்க முயலவே இல்லை. 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்' தொடங்கும்போது அந்தக் கிடார் மெதுவாக வரும் பாருங்கள், எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

2003-ல் வந்த 'பனானாஸ்' சுமார்தான். ஆனால் 2013-ல் வந்த 'நவ் வாட்' வேறு ரகம். முந்தின வருஷம் இறந்துபோன, குழுவின் பழைய ஆர்கன் கலைஞர் ஜான் லார்டுக்கே அதைக் காணிக்கையாக்கினார்கள். லார்டு இடத்துக்கு வந்த டான் ஏரியின் ஆர்கனைத் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, இருட்டின பிறகு ஹெட்ஃபோனில் கேட்டேன். எழுந்து வீட்டுக்குப் போக மனசே வரவில்லை.

பாடகர் இயன் கில்லனுக்குப் பழைய உச்சஸ்தாயி இப்போது இல்லை, உண்மை. அதனாலேயே நிதானமாக, வரிக்கு வரி அர்த்தம் கொடுத்துப் பாடுகிறார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கிறது. 2024-லும் புது ஆல்பம் தந்தவர்கள். ஒரு ராத்திரி 'பர்பெண்டிக்குலர்' கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.