சைக்கிளைப் பூட்டிவிட்டார்கள்

நம் குடியிருப்புச் சங்கத்தின் அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வளாகத்துக்குள் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டக் கூடாதாம். ஒரு பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு. எலும்பு முறியவில்லை, தையல்கூட இல்லை. அதற்காக அத்தனை சைக்கிளும் மாடிப்படிக்கு அடியில் சங்கிலி போட்டுக் கிடக்கிறது.

விழாமல் சைக்கிள் வராது. எங்கே விழலாம், என்ன வேகத்தில் விழலாம் என்று பார்ப்பதுதான் பெரியவர்கள் வேலை. விழவே கூடாது என்பதல்ல.

"பக்கச் சக்கரம் மாட்டிக் கொடுங்களேன்" என்கிறார்கள். திரும்பும்போது சைக்கிள் உள்பக்கம் சாய வேண்டும். பக்கச் சக்கரம் அந்தச் சாய்வையே தடுத்துவிடும். ஆறு மாதம் ஓட்டினாலும் மிதிக்கத்தான் தெரியும், பேலன்ஸ் வராது.

அதற்குப் பதில் பெடல் இரண்டையும் கழற்றுங்கள். பெரும்பாலும் 15 எம்எம் ஸ்பேனர் போதும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் முரட்டுத்தனமாகத் திருகித்தான் பலர் மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படியுமளவுக்கு சீட்டை இறக்குங்கள். பிரேக் விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். லேசான சரிவில் காலால் உந்தி உருண்டு வரட்டும். காலைத் தூக்கிக்கொண்டு பத்து எண்ணும்வரை வந்துவிட்டால் பெடலை மாட்டிவிடலாம். ஹேண்டில்பாரை மட்டும் நீங்கள் பிடிக்காதீர்கள். பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பிள்ளையின் கைக்குத் தெரியாமலே போகும். விழுந்த பிள்ளை அடுத்த தடவை அதே வளைவில் தானாக பிரேக் பிடிக்கும். வாயால் சொல்லிக் கொடுத்து வருவதில்லை அது.

"தலையில் அடிபட்டால் நீங்களா பொறுப்பு?" நியாயமான கேள்வி. ஹெல்மெட் போடுங்கள்; புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்க வேண்டும், பின்னால் சரிந்து நிற்கக் கூடாது. அடிபட்டபின் வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. சிராய்ப்பு என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், காப்பித்தூளை அப்பாதீர்கள்.

உண்மையான ஆபத்து ரிவர்ஸ் எடுக்கும் கார். பிள்ளையால் கணிக்க முடியாத அந்த மாதிரி ஆபத்தை நீக்குங்கள், கணித்துப் பழகக்கூடிய சவாலை விட்டுவையுங்கள் என்றுதான் கனடா குழந்தை மருத்துவர் சங்கமும் 2024இல் சொன்னது. மாலை ஒரு மணி நேரம் பிள்ளைகள் ஓட்டும் பக்கம் காரை எடுக்காதீர்கள் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர்கூட எழுதவில்லையே!

எழுதியது வேறு. "பொம்பளப் பிள்ளைக்குத் தழும்பு விழுந்தா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" அதற்குக் கைகூப்பி ஆமோதிக்கிறார்கள். படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றார்கள் ஆயிரக்கணக்கான பெண்கள். கல்குவாரியில் உழைத்தவர்களும் அங்கன்வாடிக்குப் போனவர்களும் அதில் உண்டு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது, பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் புடவையோடு ஏறினார்கள். அவர்கள் விழவில்லையா? தழும்பு இல்லையா? இத்தனை வருஷம் கழித்து எட்டு வயதுப் பிள்ளையின் முழங்காலைப் பார்த்துக் கல்யாணக் கணக்குப் போடுகிறோம்.

சங்கிலிச் சாவி செயலாளரிடம் இருக்கிறதாம். இன்று மாலை 5 மணிக்குப் போய்க் கேட்கிறேன். வருகிறவர்கள் வாருங்கள், ஸ்பேனர் நான் கொண்டுவருகிறேன்.