'லேடி பி குட்'டைப் பேய் விமானம் ஆக்காதீர்கள்

மறுபடியும் அந்த வீடியோ சுற்றுக்கு வந்துவிட்டது. லிபியப் பாலைவனத்தில் கிடக்கும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம், உள்ளே ஆளே இல்லை, பிளாஸ்கில் காபி கெடாமல் இருக்கிறது, பின்னணியில் திகில் இசை. கடைசியில், அதன் பாகங்களைக் கழற்றி மாட்டிய விமானங்களெல்லாம் விழுந்தன என்று ஒரு சாபக் கதை. எங்கள் குடும்பக் குரூப்புக்கே வந்துவிட்டது. பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. நடந்ததில் மர்மம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை.

விமானத்தின் பெயர் 'லேடி பி குட்'. பி-24 லிபரேட்டர் ரகம். 1943 ஏப்ரல் 4 அன்று பெங்காசி பக்கம் சுலுக் என்ற தளத்திலிருந்து, இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கக் கிளம்பியது. உள்ளே ஒன்பது பேர். அந்தக் குழு சேர்ந்து போன முதல் போர்ப் பயணமே அதுதான். கிளம்பும்போதே மணற்புயல். மற்ற விமானங்களை விட்டுப் பிரிந்து, இலக்கைத் தாக்காமல் குண்டுகளைக் கடலில் கொட்டிவிட்டு, இருட்டில் தனியாகத் திரும்பியது.

நள்ளிரவு தாண்டி 12 நிமிடம் ஆனபோது பைலட் ஹேட்டன் ரேடியோவில் திசை கேட்டார். பெங்காசி பக்கத்துப் பெனினா ரேடியோ நிலையம் 330 பாகை என்றது. அதாவது வடமேற்கே, இன்னும் கடல் மேல். சிக்கல் இங்கேதான். அந்தக் காலத்து வளைய ஆன்டெனாவைச் சுற்றிப் பார்த்தால், சிக்னல் எந்தக் கோட்டில் வருகிறது என்று தெரியும். கோட்டின் எந்த முனையிலிருந்து என்று தெரியாது. விமானம் முன்னால் வந்துகொண்டிருந்தாலும், தலைக்கு மேல் தாண்டித் தென்கிழக்கே போய்விட்டிருந்தாலும் காட்டுவது ஒன்றுதான். இன்னொரு நிலையத்திலும் கேட்டு ஒப்பிட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். அப்படி நடக்கவில்லை. விமானம் அதற்குள் தளத்தைத் தாண்டியிருந்தது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். கரை இதோ வந்துவிடும் என்ற நினைப்பில் இன்னும் இரண்டு மணி நேரம் பாலைவனத்துக்குள்ளேயே பறந்தார்கள்.

இதை எழுதுகிறவர்கள் பாதிப்பேர் பழியை வழி கணிக்கும் நேவிகேட்டர் ஹேஸ் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முதல் பயணத்துக்கு வந்த பையனை மணற்புயலில் அனுப்பியது யார்? முன்னும் பின்னும் பிரித்துச் சொல்லத் தெரியாத கருவியை நம்பி இரவில் விமானங்களைத் திரும்பி வரச் சொன்னது யார்? செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டான் என்பது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

எரிபொருள் தீரும் நேரத்தில், அதிகாலை 2 மணி வாக்கில், ஒன்பது பேரும் குதித்தார்கள். விமானம் ஆளில்லாமல் இன்னும் 26 கிலோமீட்டர் போய் வயிறு தேய மணலில் இறங்கியது. இவர்கள் கடலில் விழுந்திருப்பார்கள் என்று முடிவுகட்டிக் கோப்பை மூடினார்கள். 1958-ல் எண்ணெய் தேடப் போனவர்கள் கண்ணில் பட்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. தளத்திலிருந்து 700 கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தது. ரேடியோ வேலை செய்தது, துப்பாக்கி சுட்டது, குடிக்கத் தண்ணீர் இருந்தது.

வீடியோக்காரர்கள் வேகமாகத் தாண்டிப் போகும் இடம் இதற்கு அப்புறம் வருகிறது. குண்டு எறிபவரான வொராவ்காவுக்குப் பாராசூட் சரியாக விரியவில்லை. மற்ற எட்டுப் பேரும் இருட்டில் ஒருவரை ஒருவர் தேடிச் சேர்ந்து, வடமேற்கே நடக்கத் தொடங்கினார்கள். துணை விமானி டோனர் சின்ன டைரியில் தினமும் நாலு வரி எழுதினார். அரைக் குடுவைத் தண்ணீர், நாளுக்கு ஒரு மூடி அளவு. கால் மணி நடை, ஐந்து நிமிடம் ஓய்வு. நான்காம் நாள் மணல்மேடுகள் வந்துவிட்டன. லமோட்டுக்குப் பார்வை போய்விட்டது. மறுநாள் ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடிப் பிரிந்து போனார்கள். தண்ணீர் மட்டும் இருந்தால் தேறிவிடுவோம் என்று 11-ஆம் தேதி டோனர் எழுதியிருக்கிறார். 12-ஆம் தேதி, உதவி இன்னும் வரவில்லை, இரவு கடுங்குளிர். அதோடு டைரி நின்றுவிட்டது.

விமானம் கிடைத்த பிறகு இவர்களைத் தேடிப் போனவர்கள் வழியில் கண்டது, பூட்ஸ்களை அம்புமுனைபோல வைத்திருந்த அடையாளத்தையும் கல் வைத்து அழுத்திய பாராசூட் துணிகளையும். பின்னால் தேடி வருகிறவர்களுக்கு வழி காட்டிக்கொண்டே நடந்திருக்கிறார்கள்! 1960 பிப்ரவரியில் ஐந்து உடல்கள் ஒன்றாகக் கிடைத்தன, குதித்த இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலே. அதற்கும் வடக்கே, மே மாதம், ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும் கிடைத்தார்கள். வொராவ்கா ஆகஸ்டில். மூரின் உடல் அதிகாரபூர்வமாகக் கிடைக்கவே இல்லை. இவ்வளவும் இருக்கும்போது காபி பிளாஸ்கை வைத்துப் பத்து நிமிடம் ஓட்டுகிறார்கள், என்ன சொல்ல!

சரி, 'விமானத்திலேயே உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பார்களே' என்று கமென்ட் போடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழே கடல் என்றுதான் அவர்கள் நினைத்திருக்க வேண்டும். உயிர்காப்பு மிதவை அங்கிகளை மாட்டிக்கொண்டு குதித்திருக்கிறார்கள். பி-24-ஐக் கடலில் இறக்கினால் வயிறு பிளந்துவிடும் என்பது அதை ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்க, கும்மிருட்டில், நானாக இருந்தாலும் குதித்திருப்பேன். நீங்களும்தான்.